சைக்கிளில் போன நேர்த்திக்கடன்

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றிவிட்டது. போன மாத நம் சமூக இதழில் தேவகோட்டை வயிரவன் செட்டியாரைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவரும் அவருக்கு வேண்டியவர்கள், அவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் அவர் கட்டிவைத்த ஊருணிப் படித்துறையைப் புகழ்ந்தார். ஒருவர் பினாங்குக் கடையில் அவர் காட்டிய நேர்மையை எழுதினார். மூன்றாமவர், 'தேவகோட்டையில் பெருங்குடி ஒன்றில் பிறந்து' என்று தொடங்கியிருந்தார். அந்தப் 'பிறந்து' என்ற சொல்தான் என்னை எழுத உட்காரவைத்தது. அவர் தேவகோட்டையில் பிறக்கவில்லை. நாட்டரசன்கோட்டையில், எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓர் அறையில் பிறந்தார். சில வருஷம் கழித்து அதே அறையில் நான் பிறந்தேன்.

அவர் இறந்த செய்தி எனக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். காலையில் பள்ளிக்கூட வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கேதம் சொல்ல வந்த ஆள் வாசற்படி ஏறவில்லை, தெருவிலேயே நின்றுகொண்டான். "தேவகோட்டையில வயிரவஞ் செட்டியாரு தவறிட்டாக. சாயங்காலம் எடுக்குறாக" என்றான். அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் அதே வார்த்தையை அதே குரலில் சொன்னான். அவன்மேல் தப்பில்லை. பங்காளி வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள், சொன்னான். எங்கள் வீடும் அடுத்த வீடும் அவனுக்கு ஒன்றுதான். நான் மேல்சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

இளையவர்களுக்குத் தெரிந்திராது, ஆகையால் விவரமாகவே சொல்கிறேன். அவருக்கு ஒன்பது வயதில் தேவகோட்டை வீட்டார் அவரைச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். நம்மில் பிள்ளையில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளையைக் கூட்டுவது புதிதல்ல. எங்கள் தகப்பனாரான அப்பச்சியின் தொழில் அப்போது நொடித்துப்போயிருந்தது, அதுவும் புதிதல்ல. கூட்டிய பிறகு பெற்றவளை ஆத்தா என்று கூப்பிட முடியாது. ஊரில் மற்றப் பெண்களைக் கூப்பிடுவதுபோல ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். இதுவரை எல்லாரும் செய்வது. எங்கள் விஷயத்தில் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. தேவகோட்டை வீட்டார் முன்பு கூட்டிய பையன் ஒருவன் பெற்றவளிடம் திரும்பி ஓடிவிட்டான். ஆகவே இந்தத் தடவை வாய்ப்பேச்சாக ஒரு நிபந்தனை வைத்தார்கள். பையன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முகப்போடு நின்றுவிட வேண்டும், உள்கட்டான வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. அப்பச்சி சரி என்றார். நான் திருச்சிராப்பள்ளியில் தங்கி பி.ஏ. படித்தது அந்தச் சரிக்குக் கிடைத்த பணத்தினால்தான். என் படிப்பைப் பற்றி யாராவது மதிப்பாகப் பேசும்போதெல்லாம் எனக்குக் காது சுடும்.

வயிரவன் செட்டியாருக்கு ஐந்து வயதில் அம்மை கண்டது. பிழைக்க மாட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள். பிழைத்து ஆளானால் சர்க்கரைக் காவடி எடுத்துப் பழனிக்குக் காலால் வருவான் என்று எங்கள் ஆத்தா நேர்ந்துகொண்டாள். அவர் பிழைத்தார். ஆளாவதற்குள் வேறு வீட்டுப் பிள்ளையாகிவிட்டார். இப்போது அந்தக் கடன் யாருடையது? "அது அங்குட்டுள்ள பொறுப்பு" என்றார் அப்பச்சி. "எங்க வீட்டுல யாரும் நேந்துக்கலையே" என்றார்கள் தேவகோட்டையில். தை மாதம் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படும்போது இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் போவார்கள். எங்கள் வீட்டுக் காவடியை அவர் தூக்க முடியாது. அந்த வீட்டுக் காவடியில் எங்கள் ஆத்தாவின் வேண்டுதல் ஏறாது. இரண்டு வீட்டிலும் படித்தவர்கள் இருந்தார்கள், நல்லவர்களும் இருந்தார்கள். இது தீர்க்க முடியாத சிக்கல் என்றே எல்லாரும் உண்மையாக நம்பினார்கள். ஒவ்வொரு தையிலும் காவடி புறப்படுகிற அன்று ஆத்தா சாப்பிட மாட்டாள். ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை.

பிறகு அவள் கால் வீங்கிப் படுத்துவிட்டாள். "அந்தக் கடன்தான் என்னைப் போட்டு அமுக்குது" என்று பார்க்க வந்த பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். பேச்சு தேவகோட்டை வரை போய் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அது சித்திரை. வைகாசியில் நாகப்பட்டினத்தில் அவர் பினாங்குக்குக் கப்பலேறுவதாக இருந்தது. போனால் மூன்று வருஷத்துக்குத் திரும்ப வழியில்லை. அதற்குள் ஆத்தா இருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது.

தேவகோட்டை வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. பட்டணத்திலிருந்து வரவழைத்தது. அந்த வீட்டுப் பெரியவருக்கு அதை ஓட்டத் தெரியாது, ஓட்டவும் மனமில்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முகப்புப் பட்டாலையில் நிறுத்தி, வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்வார். வயிரவன் செட்டியார் அதை ஓட்டிப் பழகியது வளவுக்குள்ளேயே, தூண்களைச் சுற்றி. சமையல்காரர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓரம் ஒதுங்குவாராம். "ஒரு மூலையில திரும்பக் கத்துக்கிட்டேன். நேரா போறதுதான் கடைசி வரைக்கும் வரலை" என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கப்பலேறுமுன் குன்றக்குடிக்குப் போய்க் கும்பிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்தச் சைக்கிளில் விடியற்காலம் புறப்பட்டார். கைப்பிடிக் கம்பியில் நாட்டுச் சர்க்கரை மூட்டை ஒன்று கட்டியிருந்தது. குன்றக்குடியில் கும்பிட்டார். திரும்பவில்லை. தனியாக மேற்கே மிதித்தார். இதைப்பற்றி நான் கேட்டபோது, "பொய் சொல்லலையே. குன்றக்குடிக்குப் போனேன். அதுக்கு அங்குட்டும் கொஞ்சம் போனேன்" என்றார். நடந்து போக நாள் போதாது. ரயிலிலோ மாட்டுவண்டியிலோ போனால் காலால் போனதாகாது. சைக்கிளைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. "வண்டியில உக்காந்தா வண்டி போகுது. இது நான் மிதிச்சாத்தானே போகுது. முருகனுக்கு இதுகூடவா தெரியாது?" என்பார்.

காவடிக்காரர்கள் செருப்பில்லாமல் நடப்பார்கள். ஆகவே இவரும் வெறுங்காலில் மிதித்தார். மிதிகட்டை இரும்புப் பல் வைத்தது. சிங்கம்புணரி தாண்டுவதற்குள் உள்ளங்கால் கிழிந்துவிட்டது. கண்மாய்கள் வற்றி வெடித்துக் கிடந்தன. சாலை என்று பெயர், செம்மண்ணும் சரளையும்தான். பனைமரங்களும் கருவேலும் தவிர நிழல் கிடையாது. வழியில் மோர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையிடம் நின்றிருக்கிறார். அந்தப் பேச்சை என்னிடம் அவர் அப்படியே நடித்துக் காட்டினார்.

"செருப்பு எங்க சாமி?"

"நேத்திக்கடன். போடக் கூடாது."

"சைக்கிள்ல மட்டும் போகலாமாக்கும்? நல்லா இருக்கு ஒங்க நேத்திக்கடன். அந்தத் துண்டைக் கிழிச்சுக் கால்ல சுத்துங்க. துணிக்கெல்லாம் முருகன் கோவிச்சுக்கிற மாட்டாரு."

"அப்படியா சொல்லுறீக?"

"கோவிச்சா நான் சொன்னேன்னு சொல்லுங்க. யாரு நேந்துக்கிட்டது?"

"எங்க ஆத்தா."

இதைச் சொன்னபோது அவர் நடிப்பதை நிறுத்திவிட்டார். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்ததாம். சொன்ன பிறகு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாராம், கேட்ட ஆள் யாராவது இருக்கிறார்களா என்று. ஒரு காக்கைகூட இல்லை. அதற்கு மேற்கே யாருக்கும் அவர் எந்த வீடு என்று தெரியாது. நத்தத்தில் தண்ணீர் கேட்ட வீட்டில் சொன்னார். திண்டுக்கல் போகும் வழியில் ஒரு வண்டிக்காரனிடம் சொன்னார். "கேட்டவுககிட்டச் சொன்னேன். பெறகு கேக்காதவுககிட்டயும் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். பைத்தியம்னு நெனச்சிருப்பாக" என்றார்.

ஒரு சத்திரத்தில் தூங்கி எழுந்தபோது சர்க்கரை மூட்டை முழுவதும் எறும்பு. எறும்பைக் கொன்றால் வேண்டுதலுக்குப் பழுது வந்துவிடும் என்று பயந்து, துண்டில் பரப்பி வெயிலில் வைத்து அவை தாமாகப் போகும்வரை காத்திருந்தார். திண்டுக்கல்லுக்கு அப்பால் முள் குத்தி டயர் போயிற்று. ஒட்டுவதற்கு ஆள் இல்லை. ஒரு குடியானவர் வைக்கோல் கொடுத்தார். இருவருமாக அதை டயருக்குள் திணித்துக் கட்டினார்கள். "அதுக்கப்புறம் சைக்கிளும் என்னைமாதிரித்தான் வந்துச்சு, நொண்டிக்கிட்டு." பழனியில் மலை ஏறினார். அர்ச்சனைக்கு எந்த வீடு என்று கேட்டார்கள். நம் வீடுகளின் பேரெல்லாம் அங்கே தெரியும். "பேரை மட்டும் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். பேரும் நட்சத்திரமும் சொன்னார்கள். அவ்வளவில் கடன் தீர்ந்தது.

திரும்பும்போது அவர் தேவகோட்டைக்குப் போகவில்லை. நேரே நாட்டரசன்கோட்டைக்கு வந்தார். கோடை விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். இனி எழுதுவது நான் கண்ணால் பார்த்தது.

உச்சிவேளை. முகப்பில் அப்பச்சி உட்கார்ந்திருந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அவர் படியேறி வந்தார். முகம் கறுத்திருந்தது. காலில் கட்டியிருந்த துணியின் நிறம் தெரியவில்லை. அப்பச்சி எழுந்து நின்றார்.

"வாங்க. தேவகோட்டையில இருந்தா வாரீக?"

"இல்ல. பழனிக்குப் போயிட்டு வாரேன்."

"அப்பச்சி நல்லா இருக்காகளா?"

தான் பெற்ற மகனிடம் இப்படிக் கேட்டார். அவரும், "இருக்காக" என்றார். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "ஆச்சிக்குப் பிரசாதம். அந்தக் காவடி முடிஞ்சிருச்சுன்னு சொல்லணும்."

அப்பச்சி கையை நீட்டவில்லை. "எந்த வீட்டுப் பேருல முடிச்சீக?"

"எம் பேரு மட்டுந்தான் சொன்னேன்."

அப்பச்சி கொடியவர் அல்ல, பயந்தவர். மகனைத் திரும்ப இழுக்கப் பார்க்கிறார்கள் என்று தேவகோட்டையில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கடைசியில், "இது முறை இல்ல. நீங்க மொதல்ல ஒங்க வீட்டுல கொண்டுபோய்க் குடுங்க. அவுக குடுத்துவிட்டாகன்னா நாங்க வாங்கிக்கிறோம். இல்லாட்டி நாளைக்குப் பேச்சாயிரும்" என்றார். நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து ஆத்தாவின் குரல் கேட்டது. அவள் படுத்திருந்த அறை முகப்பை ஒட்டியது, ஒரு சுவர்தான் இடையில். "யாரு வந்திருக்காக?"

"தேவகோட்டைக்காரக" என்றார் அப்பச்சி.

பிறகு, "சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

முகப்பிலேயே இலை போட்டேன். நான்தான் பரிமாறினேன். பாதியில் ஆத்தா என் பேரைச் சொல்லி உள்ளேயிருந்தே கூப்பிட்டாள். "அப்பளம் இன்னும் ரெண்டு பொரிக்கச் சொல்லு. மோருக்கு உப்புப் போட்டுறாதே." தேவகோட்டையிலிருந்து வந்த விருந்தாளிக்கு மோரில் உப்பு ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பச்சி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளி தலை குனிந்தபடி, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். எழுந்து கையலம்பிவிட்டு, பொட்டலத்தை மறுபடி மடியில் கட்டிக்கொண்டு, "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தேவகோட்டைக்கு மிதித்துக்கொண்டு போனார். அவர் கால் பட்டு ரத்தக் கறையான இடங்களை அப்பச்சி தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னார்.

அந்த அறைக்குள் அவரை யாரும் போகவிடவில்லை என்று எழுத எனக்கு ஆசை. அது உண்மையல்ல. யாரும் தடுக்கவில்லை. அவர் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, எல்லாரும் முறைப்படி நடந்துகொண்டார்கள். எங்கள் வீட்டில் நடந்ததிலேயே வெட்கக்கேடான காரியம் சண்டையில்லாமல், சத்தமில்லாமல், ஒரு நல்ல சாப்பாட்டோடு முடிந்தது.

அவர் கப்பலேறிய பிறகு தேவகோட்டையிலிருந்து வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்குடன் பிரசாதம் வந்தது. "ஆச்சி குடுத்துவிட்டாக" என்றாள் கொண்டுவந்தவள். அப்பச்சி இரண்டு கையாலும் வாங்கினார். ஆத்தா திருநீறு பூசிக்கொண்டாள், பஞ்சாமிர்தத்தில் கொஞ்சம் நாக்கில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தையில் காவடி புறப்பட்ட அன்று, வழக்கத்துக்கு மாறாக, சோறு கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டாள். அவர் திரும்பி வருவதற்குள் இறந்துபோனாள். பினாங்குக்குத் தகவல் போனபோது, பங்காளி வீட்டுக் கேதத்துக்கு உரியபடி ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கடையைத் திறந்தாராம்.

எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, அதையும் மறைக்கப்போவதில்லை. அவர் பெரிய மனிதராகித் திரும்பினார். நான் படித்த படிப்புக்கு ஒரு பள்ளிக்கூடத்தில், என்னைவிடக் குறைவாகப் படித்த தலைமையாசிரியருக்குக் கீழே, வயதைக் கழித்துக்கொண்டிருந்தேன். யார் யாரையோ கடையில் சேர்த்துக்கொண்டவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல வருஷம் கழித்துக் குன்றக்குடியில், பங்குனி உத்திரக் கூட்டத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். குளக்கரையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றோம். அன்றுதான் மேலே சொன்ன வழிப்பயணக் கதையெல்லாம் கேட்டேன். என்னை ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு, "ஒன்னைக் கூப்பிட்டா, பெத்த வீட்டுக்கு அள்ளிக் குடுக்குறான்னு சொல்லுவாகப்பா" என்றார். எனக்கு அந்தப் பதில் அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க சண்டை போட்டிருக்கணும்" என்றேன்.

"யாரோட? அப்பச்சி பயந்தாக. பயந்தவுகளோட என்ன சண்டை?"

இப்படித்தான் பேசுவார். கோபப்படாதவர்களுடைய கோபத்தையும் சேர்த்து வேறு யாராவது சுமக்க வேண்டியிருக்கிறது. நான் சுமந்தேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து, குளத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆத்தா தின்னாகளா?" என்று கேட்டார். வழிக்கதையில் வந்ததைத் தவிர, என் முன்னால் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். பிரசாதம் தின்றாள் என்றேன். அந்தத் தையில் சோறு கேட்டுச் சாப்பிட்டதையும் சொன்னேன். கையிலிருந்த முறுக்கை உடைத்துப் பாதியை என்னிடம் கொடுத்தார்.

இனி கேத வீட்டுப் பந்தலுக்கு வருகிறேன். தேவகோட்டைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தெரு முழுவதும் இருந்தது. ஓரமாக ஒரு பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் பினாங்கில் வேலைபார்த்துத் திரும்பியவர்போல் இருந்தார். கண் சிவந்திருந்தது.

"நீங்க எந்த ஊரு?" என்றார்.

"நாட்டரசன்கோட்டை."

"செட்டியாருக்கு என்ன முறை வேணும்?"

"பங்காளி."

"தூரத்துப் பங்காளியோ?"

"கொஞ்சம் தூரந்தான்" என்றேன்.

அப்பச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். தேவகோட்டைப் பெரியவர்களும் இல்லை. அன்று பேசிய பேச்சைக் காப்பாற்ற உயிரோடு ஒருவர்கூட இல்லை. அண்ணன் என்று சொல்லியிருந்தால் என்னை யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார், அவ்வளவுதான். நான் பழி சொல்லித் திரிந்த பயம் என் வாயிலிருந்தே தானாக வந்தது. கொள்ளிச்சட்டி போன வழியில் கூட்டத்தோடு நடந்தேன். யாரும் என்னை முன்னே வரச் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களுக்கு என்ன தெரியும்?

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. வைத்திருப்பது ஒன்றுதான்: உள்ளங்கால் கிழிந்து, நத்தம் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் கேட்காமலே சொல்லிக்கொண்டு போகிற ஓர் இளைஞர். அவரை நான் பார்த்ததில்லை. இருந்தும் பார்த்தவர்களைவிட நன்றாக எனக்குத் தெரியும்.

இதைப் படித்தால் எழுதியது யார் என்று நாட்டரசன்கோட்டையில் தெரியாமல் போகாது. பலரைப் பற்றிப் பல இடங்களுக்கு நான் மனு எழுதியவன். ஒவ்வொன்றிலும் பட்டத்தோடு கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒளிந்துகொண்டதில்லை. இதற்கும் போடத்தான் பேனாவை எடுத்தேன். நம் பெயருக்கு முன்னால் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்து முதலெழுத்துகள், வரும். என் விலாசத்தை எழுதினால் அவர் வேறு வீடு, நான் வேறு வீடு என்று ஆகிவிடும். அதை எழுதாமல் பெயருக்கு மேலே 'தம்பி' என்று போடலாம். மூன்று தாளில் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஆகையால் கையெழுத்துப் போடாமல், நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறேன்.